குளியலறைத் தாழ்ப்பாள்

ஜூன் 3, செவ்வாய்

டாக்டரம்மா சொன்னதால் எழுதுகிறேன். "மனசுல ஓடறதை ஒரு நோட்டுல எழுதி வைங்க, கொஞ்சம் பாரம் இறங்கும்" என்றார். எனக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் லிஃப்ட் பராமரிப்பு அட்டைதான். கயிறு – சரி. பிரேக் – சரி. கதவு – எண்ணெய் விடப்பட்டது. இருபத்திரண்டு வருடமாக அதைத்தான் எழுதுகிறேன். அதே மாதிரி எழுதிப் பார்க்கிறேன்.

மனைவி – மருத்துவமனையில், நாற்பத்தொன்றாவது நாள்.
மகள் – பள்ளிக்குப் போனாள். டிபன் பாக்ஸில் பாதி மிச்சம்.
அக்கா – உதவிக்கு வந்து ஆறு வாரம். நாலு கிலோ இளைத்துவிட்டதாகச் சொல்கிறாள். பார்த்தால் தெரியவில்லை.
நான் – தெரியவில்லை.

வருகிற பதினான்காம் தேதி மனைவியை வீட்டுக்கு அனுப்புகிறார்களாம். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். வெளியே வந்து வண்டிச் சாவியைப் பத்து நிமிடம் தேடினேன். கையில்தான் இருந்தது.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி.

ஜூன் 4, புதன்

மருத்துவமனையில் ஒரு தாள் கொடுத்தார்கள். 'வீடு திரும்பும்போது' என்று தலைப்பு. வீட்டில் இதமான, இறுக்கமில்லாத சூழல் இருக்க வேண்டும். சத்தம் குறைவாக, வெளிச்சம் கண்ணைக் கூசாமல். ஒரு செடி இருந்தால் நல்லது. நிம்மதியாக உட்கார ஓர் இடம். அன்பான வரவேற்பு. அபாயமான பொருள்கள் கைக்கு எட்டாத இடத்தில்.

'இதமான' என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டேன். இதம் என்றால் என்ன? ஸ்பானரில் அளவு இருக்கிறது. இதற்கு என்ன அளவு?

அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. "இதம்னா இளம்பச்சைடா. ஆஸ்பத்திரியில எல்லாம் அந்தக் கலர்தானே அடிச்சிருக்கான்."

"அதனாலதான்க்கா வேணாம்கறேன்."

"நீ லிஃப்ட் பெட்டிக்குள்ளயே வேலை பார்த்தவன். உனக்கு என்ன தெரியும்."

மஞ்சள் கலந்த வெள்ளை என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அடிக்க வேண்டும்.

ஜூன் 5, வியாழன்

ஆறாவது வியாழன்.

ஒரு தடவை எழுதிவிடுகிறேன். பிறகு எழுத மாட்டேன்.

அன்று ஒரு ஸ்பானரை மறந்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். மறந்திருக்காவிட்டால் – இந்த வாக்கியத்தை முடிக்க முடியாது. ஜன்னலோரம் அவள் தையல் மெஷின். அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பள்ளிச் சீருடைச் சட்டை ஒன்று, ஒரு கை தைத்து ஒரு கை தைக்காமல். குளியலறை உள்பக்கம் தாழிட்டிருந்தது. கூப்பிட்டேன். மறுபடி கூப்பிட்டேன். ஊரில் நின்றுபோன லிஃப்ட் கதவையெல்லாம் கீறல் விழாமல் திறக்கிறவன், என் வீட்டுக் கதவைத் தோளால் இடித்து உடைத்தேன். உள்ளே பார்த்ததை எழுத மாட்டேன். உயிரோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். அவ்வளவுதான்.

பதினொரு வருடம் கூடவே இருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லையே? ஒரு பேரிங் தேய்ந்தால் மூன்று மாடி கீழே நின்று காதால் கண்டுபிடிப்பேன். பக்கத்தில் படுத்திருந்தவள்... என்னய்யா காது இது.

மகள் அப்போது பள்ளியில் இருந்தாள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்ல" என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். வாண்டுக்கு ஒன்பது வயது. அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

குளியலறைக்குப் புதுக் கதவு மாட்டிவிட்டேன். தாழ்ப்பாள் போடவில்லை. அக்கா கேட்டதற்குக் கடையில் சரியான அளவு கிடைக்கவில்லை என்றேன். எல்லோரும் பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிறோம், யாரும் உள்ளே வந்துவிடக் கூடாது என்று.

ஜூன் 8, ஞாயிறு

சுவர் – இரண்டு பூச்சு.
திரை – புதிது, மெல்லிய துணி.
செடி – ஒன்று. பெயர் தெரியாது. சாகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார்.
அழைப்பு மணி – கம்பி கழற்றப்பட்டது. சத்தம் தூக்கிப்போடும்.
தையல் மெஷின் – துணி போட்டு மூடி அக்கா படுக்கும் அறைக்கு மாற்றப்பட்டது.
ஜன்னலோரம் – சாய்வு நாற்காலி, இரண்டு மெத்தை. தாளில் சொன்ன 'நிம்மதியாக உட்கார ஓர் இடம்'.
மாத்திரைகள் – என் பெட்டியில், பூட்டி.
அவளுடைய பெரிய கத்தரிக்கோல் – அதே பெட்டியில்.

அந்தக் கத்தரிக்கோலை எடுக்கும்போது கை கூசியது. துணியைத் தவிர வேறு எதையும் அது வெட்டக் கூடாது. ஒரு தடவை வாண்டு அதில் காகிதம் வெட்டிவிட்டாள். அன்றைக்குத் தெருமுனை வரை கேட்டது எங்கள் வீட்டுச் சத்தம்.

மாலையில் மூவரும் உட்கார்ந்து பேசினோம். கத்திப் பேசக் கூடாது. சண்டை கூடாது. அழுமூஞ்சியாக இருக்கக் கூடாது. அம்மாவிடம் வீட்டுப்பாடம் கேட்டு நச்சரிக்கக் கூடாது.

"வேற என்ன செய்யலாம்?" என்றாள் வாண்டு.

"சிரிச்ச முகமா இரு" என்றாள் அக்கா.

ஜூன் 10, செவ்வாய்

நகைக்கடைக் கட்டட லிஃப்டில் ஒரு பெண்மணி ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவே மாட்டிக்கொண்டார். முப்பத்தைந்து நிமிடம். உள்ளே கதவை உதைக்கிற சத்தம் கேட்டது.

மாட்டிக்கொண்டவர்களிடம் 'பயப்படாதீங்க' என்று நான் சொல்வதே இல்லை. சொன்னால் அதுவரை பயப்படாதவர்களும் பயப்படுவார்கள். கதவில் வாயை வைத்து முதலில் கேட்பது: "மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?" ஒரு நிமிடம் குழம்பிப்போவார்கள். பிறகு சொல்லத் தொடங்குவார்கள். அதற்குத் தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்பேன். அடுத்தது, "உக்காந்திருக்கீங்களா, நிக்கறீங்களா?" நிற்கிறேன் என்றால் உட்காரச் சொல்வேன். உட்கார்ந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. நின்றுபோன லிஃப்ட் விழாது, பிரேக் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. பயத்தில் கதவைப் பிளந்துகொண்டு குதிக்கிறவர்களுக்குத்தான் ஆபத்து.

நான் போனில் இப்படிப் பேசுவதை என் மனைவி எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமையில்கூட அழைப்பு வரும். "ஆரம்பிச்சிட்டாருடா சாப்பாட்டு விசாரணையை" என்று மெஷினிலிருந்து தலை தூக்காமல் சொல்வாள். "உங்களுக்கு வேற கேள்வியே தெரியாதா?"

தெரியவில்லைதான். அவளிடம் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முன்பின் தெரியாத பெண்மணியை முப்பத்தைந்து நிமிடம் உட்கார வைத்தேன். சனிக்கிழமையை நினைத்தால் என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை.

ஜூன் 12, வியாழன்

குளியலறைக் கதவு அடியில் உரசியது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தாளை வெட்ட எதுவும் அகப்படவில்லை, பெட்டியில் அவள் கத்தரிக்கோல்தான் மேலே இருந்தது. வெட்டிவிட்டேன். துடைத்து வைத்துவிட்டேன்.

ஏழாவது வியாழன்.

ஜூன் 13, வெள்ளி

நாளை.

ஜூன் 14, சனி

வந்துவிட்டாள்.

படியேறும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது. முன்னால் விட்டேன். வீட்டுக் கதவு வந்ததும் வழக்கம்போல மணியை இரண்டு தடவை அழுத்தினாள். சாவி கையில் இருந்தாலும் அழுத்துவாள், அவள் பழக்கம் அது. சத்தம் வரவில்லை.

"பெல்லுக்கு என்ன?"

"ரிப்பேர்."

திரும்பி என்னைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் ரிப்பேர் பார்க்கிறவன் வீட்டில் மணி ரிப்பேராம். எனக்கே கேவலமாக இருந்தது.

கதவில் வாண்டு பூ வரைந்து 'நல்வரவு' என்று எழுதி ஒட்டியிருந்தாள். உள்ளே கையைக் கட்டிக்கொண்டு நின்று "வாங்கம்மா" என்றாள். அக்கா சொல்லிக்கொடுத்ததைத் தப்பில்லாமல் சொன்னாள். முன்பெல்லாம் கடைக்குப் போய்விட்டு வந்தாலே பாய்ந்து இடுப்பைக் கட்டிக்கொள்வாள்.

"என்னடி, விருந்தாளியைக் கூப்பிடற மாதிரி கூப்பிடற?"

வாண்டு என்னைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா பல் தெரியச் சிரித்தாள்.

அவள் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். ஜன்னலோரம் சாய்வு நாற்காலிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள்.

"மெஷின்?"

"நீ கொஞ்ச நாள் ரெஸ்ட் எடும்மா" என்றேன்.

"ம்" என்றாள். உட்காரவில்லை.

குளியலறை – காலை இல்லை. மாலை 7 நிமிடம். வெளியே நின்றேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இரண்டு தடவை நின்றது.

ஜூன் 16, திங்கள்

குளியலறை – காலை 11 நிமிடம், மாலை 6.

நான் வேலைக்குப் போகும்போது அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகிறேன். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் ஏதாவது சாக்கில் குரல் கொடு. அக்கா இன்று "சோப்பு இருக்கா?" என்று கேட்டாளாம். அரை மணி கழித்து மறுபடி இவள் கை கழுவப் போனபோதும் "சோப்பு இருக்கா?" என்றாளாம்.

"அண்ணி, சோப்பைத் தின்னவா போறேன்?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அக்கா சிரித்த முகத்தை மாற்றாமல் அடுப்படிக்குப் போய் அழுதிருக்கிறாள்.

சிரிப்பாகவும் வருகிறது, ஏதோ மாதிரியாகவும் இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

அவள் கேட்டாள், "என் கத்தரிக்கோல் எங்க?"

பழைய புடவை ஓரத்தில் நூல் பிரிந்திருந்தது.

"குடு, நான் வெட்டித் தரேன்" என்றேன்.

நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டாள்.

குளியலறை – 9, 8.

ஜூன் 19, வியாழன்

எட்டாவது.

வேலையில் இரண்டு தப்பு செய்தேன். பராமரிப்பு அட்டையில் நேற்றைய தேதி போட்டேன், மோட்டார் அறையில் விளக்கை அணைக்காமல் வந்தேன். மணிக்கு ஒரு தடவை வீட்டுக்குப் போன் செய்தேன். நாலாவது தடவை அவளே எடுத்தாள். "உயிரோடதான் இருக்கேன்" என்றாள். வைத்துவிட்டாள்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். கோபத்தில் சொன்னாளா? உண்மையிலேயே சொன்னாளா? இதற்கெல்லாம் அர்த்தம் யாரிடம் கேட்பது.

மாலையில் வீட்டுக்குள் நுழைந்தால் ஊசி விழுந்தால் கேட்கும். டி.வி. படம் மட்டும் ஓடுகிறது, சத்தம் இல்லை. அக்கா நுனிக்காலில் நடக்கிறாள். வாண்டு பாடத்தை மனதுக்குள் படிக்கிறாள். மனைவி சாய்வு நாற்காலியில், மடியில் இரண்டு கையும் வைத்து.

"இது வீடா, இல்ல ஐ.சி.யூ.வா?" என்றாள் பொதுவாக.

மூவரும் ஒன்றாகச் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை.

குளியலறை – 12, 9.

ஜூன் 22, ஞாயிறு

எழுத்து கோணலாக வருகிறது.

நான் அடுப்படியில் இருந்தேன். அக்கா துணி காயப்போட மாடிக்குப் போயிருந்தாள். இவள் குளிக்கப் போனாள். கடிகாரத்தைப் பார்த்தேன், சரி, இன்னும் நேரம் இருக்கிறது என்று வெங்காயத்தை எடுத்தேன். வாண்டு அவள் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள் – என்றுதான் நினைத்தேன்.

குளியலறைக் கதவு திறந்த சத்தம். பிறகு அவள் குரல். "இங்க என்ன பண்ற?"

ஓடினேன். வாண்டு கதவுக்கு வெளியே தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் என் பழைய கைக்கடிகாரம். உதடு அசைந்துகொண்டே இருந்தது. எண்ணிக்கொண்டிருக்கிறாள். அம்மா எதிரே வந்து நின்ற பிறகும் நிறுத்தவில்லை. அறுநூற்று நாற்பத்திரண்டு, அறுநூற்று நாற்பத்து மூன்று.

"எதுக்குடி எண்ணற?"

"அறுநூறு தாண்டினா கூப்பிடணும்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அத்தை பத்து நிமிஷத்துல கூப்பிடுவாங்க. அத்தை இல்லல்ல, அதான் நான்." பிறகு என்னைப் பார்த்து, "சாரிப்பா. கூப்பிட பயமா இருந்துச்சு. பதில் வரலைன்னா என்ன பண்றதுன்னு தெரியல."

அவளுக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். உடைந்த கதவைப் பார்த்த பிள்ளைக்கு என்ன தெரியாமல் இருக்கும். நாம்தான் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தோம்.

இவள் ஈரத்தலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாண்டு அவள் மேல் சாய்ந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள், சத்தமாக. வீட்டில் இரண்டு மாதமாக யாரும் சத்தமாக அழவில்லை. நான் கையில் வெங்காயத்தோடு நின்றேன்.

நிமிடம் எழுதவில்லை. வாண்டு எண்ணிவிட்டாளே.

ஜூன் 23, திங்கள்

டாக்டரம்மாவைத் தனியாகப் பார்த்தேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சுவர், செடி, மணி, சோப்பு, கடிகாரம், மகள்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றார்.

"எதை?"

"அந்த நினைப்பு இப்பவும் வருதான்னு."

"கேட்டா ஞாபகப்படுத்தற மாதிரி ஆயிடாதா?"

"ஆகாது. நீங்க கேக்கலன்னா மறந்துடுவாங்களா? நேரா கேளுங்க. வருதுன்னு சொன்னா பயந்து ஓடாதீங்க, எனக்குப் போன் பண்ணுங்க. எந்தப் பொருள் எங்க இருக்கணும்னும் அவங்களோட சேர்ந்தே முடிவு பண்ணுங்க."

பதினொரு வருடம். சோறு வேணுமா, சம்பளம் வந்துதா, வாண்டுக்கு ஷூ சின்னதாகிவிட்டதா. இவ்வளவும் கேட்டிருக்கிறேன். இதை எப்படிக் கேட்பது?

ஜூன் 24, செவ்வாய்

கேட்கவில்லை. மூன்று தடவை பக்கத்தில் போனேன். மூன்று தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அக்கா, "என்னடா, வயித்துல நெருப்பா?" என்றாள்.

ஜூன் 25, புதன்

கேட்டுவிட்டேன்.

மாலையில் அக்கா வாண்டைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்தாள்.

"பாத்ரூம் தாழ்ப்பாள் இன்னும் கடைக்கு வரலையா?"

"இல்ல."

"ரெண்டு மாசமாவா?"

குளியலறைக் கதவைப் பார்த்தேன்.

"நீங்க பொய் சொன்னா காது சிவக்குது. அதாச்சும் தெரியுமா உங்களுக்கு?"

அப்புறம் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. "எனக்குப் பயமா இருக்கு" என்றேன். "நீ உள்ள போனா எனக்கு மூச்சு வரல. நீ வெளிய வர்ற வரைக்கும் வரல. வேலைக்குப் போனா வீடு, வீட்டுக்கு வந்தா அந்தக் கதவு. அன்னிக்கு ஸ்பானரை மறக்காம போயிருந்தா..." அதை இந்த நோட்டில்கூட நான் முடிக்கவில்லை. அவளிடமும் முடிக்க முடியவில்லை.

அவள் சொன்னாள்: "எனக்கும்தான் பயமா இருக்கு. எனக்கு என்னைப் பார்த்தாலே பயமா இருக்கு. அதை யார்கிட்டயாவது சொல்லலாம்னு பார்த்தா, இந்த வீட்டுல எல்லாரும் சிரிச்சுக்கிட்டே நிக்கறீங்க. போட்டோவுக்கு நிக்கற மாதிரி."

அப்போது கேட்டேன். நேராகக் கேட்டேன். அந்த நினைப்பு இப்பவும் வருதா.

"வருது. முன்ன மாதிரி இல்ல. போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்துது. நூலைக் கடிச்சேன் பாருங்க, அன்னிக்கு. சாயங்காலம் போயிடுச்சு."

செவ்வாய்க்கிழமை. நோட்டைப் புரட்டிப் பார்க்கிறேன். 9, 8 என்று எழுதியிருக்கிறேன். நிமிடத்தைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

எழுந்து ஓடவில்லை. "இனிமே வந்தா சொல்றியா?" என்றேன்.

"கேட்டீங்கன்னா சொல்றேன்."

அவள் எதிரிலேயே டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். இரண்டு பேரும் பேசினார்கள். நாளை காலை வரச் சொன்னார். பிறகு அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள், துணிக்கு அளவு சொல்கிற மாதிரி. மாத்திரை என்னிடமே இருக்கட்டும், வேளைக்கு வேளை நான் எடுத்துத் தர வேண்டும். கத்தரிக்கோல் பகலில் அவளிடம், வேலை முடிந்ததும் என்னிடம். மெஷின் ஜன்னலுக்குத் திரும்பி வர வேண்டும். "கை சும்மா இருந்தாத்தான் தலை வேலை செய்யுது. அந்த நாற்காலியில நீங்களே உக்காருங்க." மணி அடிக்க வேண்டும். டி.வி.க்குச் சத்தம் வேண்டும்.

"தாழ்ப்பாள் வேணும்" என்றாள் கடைசியாக. "புள்ள தரையில உக்காந்து எண்ணக் கூடாது. ஒரு பொம்பளை கதவைச் சாத்திக்கிட்டு குளிக்கறது ஒரு பெரிய ஆசையா?"

ஜூன் 26, வியாழன்

ஒன்பதாவது. மருத்துவமனையில் பாதி நாள். மாத்திரையில் ஒன்றைக் கூட்டியிருக்கிறார்கள். தாழ்ப்பாளைப் பற்றி நானே கேட்டேன். வெளியிலிருந்து திறக்கிற மாதிரி ஒன்று போடுங்கள், அவருக்குத் தெரிந்தே போடுங்கள் என்றார் டாக்டரம்மா.

மெஷினை நானும் அக்காவும் தூக்கி வந்து ஜன்னலோரம் வைத்தோம். என் கால் பெருவிரலில் வைத்தோம் என்றும் சொல்லலாம். கத்திவிட்டேன். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும்.

ஜூன் 28, சனி

தாழ்ப்பாள் போட்டேன்.

உள்ளே திருகினால் பூட்டும். வெளிப்பக்கம் ஒரு சிறு குமிழ், நடுவே மூன்று முனைத் துளை. அதற்கென்று இருக்கிற சாவியை விட்டுத் திருப்பினால் திறக்கும். லிஃப்ட் கதவிலும் இதே ஏற்பாடுதான், சாவி எங்களிடம் மட்டும் இருக்கும்.

மாட்டும்போது ஒரு கெட்ட யோசனை வந்தது. துளையைக் கதவு நிறத்தில் ஒரு மூடி போட்டு மறைத்துவிடலாம். அவளுக்குத் தெரியவே தெரியாது. அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. மூடியைக் கையில் எடுத்தேன். என் காது சூடானது. கீழே வைத்துவிட்டேன்.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து துளையைப் பார்த்தாள். "இது வெளியில இருந்து திறக்கும்ங்கறீங்க."

"ஆமா."

"சொல்லிட்டு வெச்சீங்கல்ல. சரி. சாவி எத்தனை?"

"மூணு."

"ஒண்ணு உங்ககிட்ட. ஒண்ணு அண்ணிகிட்ட. இன்னொண்ணைத் தூக்கிப் போடுங்க, வாண்டு கைக்குப் போகக் கூடாது." பிறகு துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் திரும்பிய சத்தம் கேட்டது. நான்தான் எண்ணெய் விட்டிருந்தேன், மெல்லத்தான் திரும்பியது. எனக்குக் காது அடைத்துப்போனது.

தண்ணீர் விழுந்தது. நின்றது. மறுபடி விழவில்லை. சட்டைப் பையில் சாவி. எடுத்தேன். வைத்தேன். எடுத்தேன். ஒரு நிமிடம். இரண்டு. கை வேர்த்து சாவி வழுக்கியது. மூன்று இருக்கும். குளியலறைக்குள் ஒரு சத்தமும் இல்லை. அன்றைக்கும் இப்படித்தான். கடவுளே, இப்படியேதான். சாவியைத் துளையில் வைத்துவிட்டேன்.

"மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

உள்ளேயிருந்து. அவள் குரல்தான்.

மறுபடி கேட்டாள்: "உங்களைத்தான். மத்தியானம் என்ன சாப்பிட்டீங்க?"

"ரொட்டி" என்றேன்.

"ரொட்டிக்கு என்ன?"

"முட்டை."

"எத்தனை?"

"ரெண்டு."

"ஒண்ணுதானே சாப்பிடச் சொல்லியிருக்கு உங்களை." தண்ணீரை மொண்டு ஊற்றினாள். "உக்காந்திருக்கீங்களா, நிக்கறீங்களா?"

"நிக்கறேன்."

"உக்காருங்க."

உட்கார்ந்தேன். அதே இடம், மகள் உட்கார்ந்த இடம். சாவி துளையிலேயே தொங்கியது, எழுந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். அவள் தலைக்கு எண்ணெய் போக அலசுகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருந்தாள். நகைக்கடை லிஃப்டில் மாட்டிக்கொண்ட பெண்மணியைப் பற்றிச் சொன்னேன். அவர் என்ன சாப்பிட்டிருந்தார் என்று கேட்டாள். தயிர்சாதம் என்றேன். அதற்கு என்ன என்றாள். எனக்கு ஞாபகம் இல்லை என்றேன். "கேட்டீங்கல்ல, கேட்டா ஞாபகம் வெச்சுக்கணும்" என்றாள்.

குளியலறை – 14.

ஜூலை 2, புதன்

இன்று நான் கேட்டேன், வந்துதா என்று. இல்லை என்றாள். நேற்று? நேற்று கொஞ்சம், மத்தியானம், அண்ணியிடம் சொன்னேன், பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக் கொடுத்தார் என்றாள். அக்காவா? ஊசியில் நூல் கோக்கவே ஆள் தேடுகிறவள். சட்டைகளைப் பார்த்தேன். பொத்தான் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. இவள் அத்தனையையும் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

பயம் போகவில்லை. படியேறும்போது இன்னும் ஒவ்வொரு மாடியிலும் நின்று காது கொடுக்கிறேன்.

குளியலறை – 10, 10.

ஜூலை 11, வெள்ளி

வேலை முடிந்து வந்தேன். இரண்டாவது மாடியிலேயே சத்தம் கேட்டது. எங்கள் வீடு நாலாவது மாடி. அவள் குரல். உச்சக் குரல். இரண்டிரண்டு படியாக ஏறினேன், மணியை அழுத்தினேன், அடித்தது. அவளே வந்து கதவைத் திறந்தாள். முகமெல்லாம் சிவந்திருந்தது, கையில் கத்தரிக்கோல்.

"இதுல என்னத்தை வெட்டினீங்க?"

பின்னாலேயே வாண்டு நின்றுகொண்டு, "நான் இல்லப்பா, நான் இல்லன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க" என்றாள்.

"உப்புத்தாள்" என்றேன்.

"உப்புத்தாளா?"

"கொஞ்சம்தான்."

பிடித்துக்கொண்டாள். இந்த மனுஷனுக்கு விவஸ்தை உண்டா, துணியைக் கடித்துக் கடித்து இழுக்கிறது, நாளைக்குப் பன்னிரண்டு சீருடை கொடுக்க வேண்டும், இவர் ஸ்பானரில் நான் தேங்காய் உடைத்தால் சும்மா இருப்பாரா. வாண்டு தன்மேல் சாட்டியதற்கு மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவள் பங்குக்குக் கத்தினாள். அக்கா டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்று முழுவதையும் வாங்கிக்கொண்டேன். நாளைக்குச் சாணை பிடித்துத் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் சோறு போட்டாள்.

பாதிச் சாப்பாட்டில்தான் உறைத்தது, அவள் கையில் இருந்தது கத்தரிக்கோல் என்று.

குளியலறை – எத்தனை நிமிடம் என்று எழுத நோட்டை எடுத்தேன். தெரியவில்லை. நேற்றைக்கும் எழுதக் காணோம்.